மரை

காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கிவருவதுபோல
துப்பாக்கியைக் கம்பளியில் சுற்றி எடுத்துவந்தான் ஹால்வார்.
"குழல் போய்விட்டது, குன்வோர்."
ஏப்ரல் மாதம். ஸ்ட்ரோம்சுண்டில் ஏரி இன்னும் இளகவில்லை.
பட்டறைக் கூரையிலிருந்து மட்டும் பனி சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் சின்னக் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தாள்.
தோட்டா முதலில் பாயும் தொண்டையில்
பழைய பீங்கான் தட்டின் மெருகுபோல
நுண்ணிய வெடிப்புகள்.
தேய்ந்திருக்கிறது, பொய்யில்லை.
ஆனாலும் நூறு மீட்டரில்
ஓர் உள்ளங்கைக்குள் போடும் குழல் அது.
அக்டோபரில் அந்த எல்க் நின்றது அறுபது மீட்டரில்.
வயிற்றில் பட்டு ஓடியது.
திர்ரா மோப்பம் பிடித்து இரண்டு நாள் சதுப்பில் அலைந்தாள்,
மூன்றாம் நாள் காக்கைகள் காட்டிக்கொடுத்தன.
ஊருக்கே தெரியும்.
குன்வோர் விலையை மட்டும் சொன்னாள்.

முப்பது வருடப் பிடிப்பு லேசில் விடாது.
கவ்வியில் இறுக்கி, எண்ணெய் விட்டு, ஓர் இரவு ஊறவைத்து,
காலையில் நீளச் சாவியின்மேல் முழு உடம்பையும் சாய்த்தாள்.
டக்.
நெட்டி முறிந்த சத்தம்.
அதன்பின் கையாலேயே சுழன்று வந்தது
முப்பது வருடமும்.

புதுக் குழல் மங்கிய சாம்பல் நிறம்.
லேத்தில் ஏற்றி
நான்கு தாடைகளையும் மாற்றி மாற்றித் திருகினாள்
அளவுமானியின் முள் நடுக்கம் நிற்கும்வரை.
மதியச் சாப்பாடு ஆறிப்போனது.
பிறகு மரை வெட்டினாள்:
உளி ஒருமுறை போய்வர
ஒரு நூல் வெள்ளி சுருண்டு விழும்.

மரை என்றால் திருகின் புரி.
பழந்தமிழில் மரை என்றால் காட்டில் நிற்கும் பெரிய மானும்தான்.
குன்வோருக்கு இது தெரியாது.
தெரிந்திருந்தாலும் சிரித்திருக்கமாட்டாள்.

அறையைக் குடையும் ரீமரை
நாலு சுற்றுக்கு ஒருமுறை வெளியே இழுத்து,
துகள் துடைத்து, எண்ணெய் தடவி, மறுபடி உள்ளே.
அவசரப்பட்டால் ஒரு கீறல் விழும்.
விழுந்தால் அது சுடப்படும் ஒவ்வொரு தோட்டாவின் இடுப்பிலும்
கையெழுத்துப் போடும்.

கடைசியில் இரண்டு எஃகுத் துண்டுகள்.
ஒன்றின்மேல் தாழ் மூட வேண்டும்,
மற்றதன்மேல் மூடக்கூடாது.
இரண்டுக்கும் நடுவே இரண்டு மயிரிழைக் கனம்.
வில்லும் ஊசியும் கழற்றிய தாழை
இரண்டு விரலால் தள்ளினாள்.
மூடியது.
அடுத்ததற்கு மூடவில்லை,
பாதியில் நின்றது.
இப்படி ஒரு மறுப்பைக் கேட்கத்தான்
நான்கு நாள் வேலை.

பால் வாங்கிய ரசீதை
மரக்கட்டைக்கும் குழலுக்கும் இடையில் விட்டு இழுத்தாள்.
எங்கும் தட்டாமல் வந்தது.

மே மாதம், சுடுதளம்.
முதல் ஐந்தை அவளே சுட்டாள்,
மணல்மூட்டையில் சாய்த்து, நிதானமாக.
ஐந்தும் சேர்ந்து கிழித்த ஒரே ஓட்டை.
ஒரு குரோனா நாணயத்தை வைத்தான் ஹால்வார்,
மூடிக்கொண்டது.
"பார்த்தாயா," என்றான், "நான்தான் சொன்னேனே."

அவன் சுட்டான்.
ஒன்று இடம், ஒன்று கீழே, ஒன்று தாளுக்கே வெளியே.
"காற்று," என்றான்.
கொடி அசையவில்லை.

குன்வோர் பெட்டியை வாங்கித் தோட்டாக்களைத் தானே நிரப்பினாள்,
நடுவில் ஒரு வெற்றுத் தோட்டாவை வைத்து.
எத்தனையாவது என்று சொல்லவில்லை.
வெடி. வெடி.
அடுத்து, கிளிக்.

சத்தமே வராத அந்த நொடியில்
குழலின் முனை
ஒரு விரற்கடை தலைகுனிந்தது.
அவள் பார்த்தாள்.
பார்த்தது அவள் மட்டும் இல்லை.

அறுபது மீட்டர், அக்டோபர்,
சதுப்பில் தேங்கிய தண்ணீர், காக்கைகள்,
எல்லாம் அந்த ஒரு விரற்கடையில் அடங்கியது.

கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்காமலேயே
கொஞ்சநேரம் கிடந்தான்.
"வெற்றுத் தோட்டா வேறு இருக்கிறதா?"
ஐந்து வைத்திருந்தாள். கொடுத்தாள்.
கணக்கில் எழுதவில்லை.

காருக்குள் திர்ரா அதுவரை
ஒவ்வொரு வெடிக்கும் காதை நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.
பிறகு மாலைவரை கிளிக், கிளிக்,
தாழ் இழுக்கும் ஓசை, மறுபடி கிளிக்.
நாய் தூங்கிப்போனது.